எழுத்தும் ஏவலும் ஒரே திரையில்

பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் குருகிராமத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகனோ மகளோ மருமகளோ வீட்டிலிருந்தபடியே கணினிப் பணி செய்வது பழகிய காட்சியாகிவிட்டது. அவர்களுடைய மடிக்கணினியை எட்டிப் பார்க்கும் பெரியவர்களுக்கு அத்திரை இரண்டு பாகமாகத் தெரியும். மேற்பாகத்தில் பல வண்ண எழுத்துகளில் நிரல் இருக்கும். கீழ்ப்பாகத்தில் கருநிறப் பட்டை ஒன்று. அதில் வெள்ளை எழுத்துகள் விரைந்து ஓடிக்கொண்டிருக்கும். மேலே இருப்பது எடிட்டர். கீழே இருப்பது டெர்மினல். மேலே எழுதுவது வெறும் எழுத்து. பிழைபட்டால் அழித்து எழுதலாம். கீழே எழுதுவது ஏவல்; எண்டர் பொத்தானை அழுத்திய மறுகணமே அது செயலாகிவிடும். அங்கே பெரும்பாலும் திரும்பப் பெறுதல் என்பதே இல்லை.

இவ்விரண்டும் ஒரே திரைக்குள் எவ்வாறு குடிபுகுந்தன, அவற்றை எவ்வாறு ஒழுங்குற வைத்துக்கொள்வது என்பதைச் சற்று விரிவாகக் கூறக் கருதுகின்றோம். இத்தொழிலில் இருப்போர்க்கும் வரவிருக்கும் மாணவர்க்கும் இது பயன்படும். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்கும், வேலை நடுவில் அவர்கள் முகம் திடீரென வாடுவதன் காரணம் ஓரளவு விளங்கும்.

நம் முந்திய தலைமுறையினருள் பலர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற கையோடு பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறியவர்கள். அலுவலகங்களில் ஓயாது தடதடத்த டெலிபிரிண்டர் அவர்களுக்குப் புதியதன்று. டெர்மினலின் பாட்டனார் அந்த டெலிபிரிண்டரே ஆவார். 1963-ல் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் பொறி, நொடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்தில் அடித்தது. கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த அந்நாளில், அதனோடு பேசுவதற்கு இத்தகைய பொறியைக் கம்பியின் கோடியில் பொருத்தினார்கள். கோடியில், அதாவது முனையில் இருந்தமையால் அது டெர்மினல் எனப்பட்டது. முனையம் என்ற தமிழ்ப் பெயரும் அதன் வழியே வந்தது. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், இப்பொறிகளின் வாயிலாகவே மனிதரோடு பேசிற்று. டெலிடைப் என்பதன் சுருக்கமாகிய ‘டி.டி.ஒய்.’ என்னும் மூன்றெழுத்து இன்றைய லினக்ஸ், மேக் கணினிகளிலும் அப்படியே நிற்கின்றது. பொறி போயிற்று; பெயர் போகவில்லை. 1978-ல் டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 என்னும் திரை, வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைக் காட்டியது. இன்று எடிட்டருக்குள் தோன்றும் கரிய பட்டை பெரும்பாலும் அந்த வி.டி.100-இன் வேடத்தையே பூண்டு நிற்கின்றது.

ஒரு பொறி, ஒரு காகிதச் சுருள் என்றிருந்த காலத்தில் எழுதுவதும் ஏவுவதும் மாறி மாறித்தான் நடந்தன. யூனிக்ஸின் பழைய எடிட்டராகிய ‘எட்’டில், வரியின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியை இட்டால் அதன்பின் வருவது எழுத்தன்று, ஏவல் என்று பொருள். எடிட்டரை விட்டு வெளியேறாமலே ஒரு கட்டளையை ஏவிவிட்டு எழுத்துக்குத் திரும்பலாம். 1976-ல் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய வி.ஐ. எடிட்டரும் அவ்வழக்கத்தை ஏற்றது. அதன் வழிவந்த விம் எடிட்டரில் இன்றும் அக்குறி அப்பணியையே செய்கின்றது.

கட்டளையின் விளைவும் எடிட்டருக்கு ஓர் எழுத்தே என்று கொண்டது இமாக்ஸ். 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மனால் குனு இமாக்ஸாகப் புத்துருப் பெற்ற எடிட்டர் அது. அதற்குள் ஓர் அமர்வைத் திறந்தால், கணினி சொல்லும் மறுமொழி முழுவதும் சாதாரண எழுத்தாகவே வந்து விழும். அதில் தேடலாம், வெட்டி எடுக்கலாம், கோப்பாகச் சேமிக்கலாம். இதனினும் சிறப்பு அதன் ‘கம்பைல்’ கட்டளைக்கு உண்டு. அச்சகத்தில் பிழை திருத்துவோர் ‘7-ஆம் பக்கம், 12-ஆம் வரி’ என்று ஒரு தாளில் குறித்துக் கொடுப்பதுண்டல்லவா? நிரலைச் சோதிக்கும் கருவியும் அவ்வாறே இன்ன கோப்பு, இன்ன வரி என்று பிழைப் பட்டியல் தருகின்றது. இமாக்ஸ் அப்பட்டியலைப் படித்து, ஒரு பொத்தானில் நம்மை அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஏட்டையும் பிழைத்தாளையும் மாறி மாறிப் பார்க்கும் அலைச்சல் இல்லை. எடிட்டருக்குள் டெர்மினலை வைத்ததன் பெரும்பயன் இதுவே என்பது எமது கருத்து. இடம் மிச்சமாவதும் விரல் மிச்சமாவதும் இரண்டாம் பட்சம்.

எழுதுவதையும் சோதிப்பதையும் ஒரே திரையில் வைத்து, எளியவர் கைக்கும் எட்டச் செய்தது 1983-ல் 49.95 டாலர் விலையில் வெளிவந்த டர்போ பாஸ்கல். பிழை கண்டவுடன் சுட்டி அப்பிழையின் மீதே வந்து நிற்கும். அதன் மூல ஆசிரியர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். அவரே பின்னர் மைக்ரோசாப்டில் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்து 2012-ல் வெளியிட்டார். நம் பிள்ளைகளின் திரையில் பெரும்பாலும் காணப்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட் எழுதப்பட்டிருப்பது முக்கியமாக அம்மொழியில்தான். அந்த எடிட்டர் 2015-ல் அறிமுகமாயிற்று. டெர்மினல் அதற்குள் புகுந்தது 2016-ல். விம் எடிட்டருக்கு டெர்மினல் சாளரம் 2018-ல், 8.1-ஆம் பதிப்பில் வந்தது. அதன் ஆசிரியர் பிராம் மூலனார் 2023-ல் மறைந்தார். தம் எடிட்டரை இலவசமாகவே வழங்கி, அது பிடித்தவர்கள் உகாண்டா நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவும்படி கேட்டுக்கொண்ட பெருந்தகை அவர். சங்கம் நடத்துவோர் நினைவில் கொள்ளத்தக்க பெயர் என்பதால் இங்கே குறித்தோம்.

நிற்க. எடிட்டர் ஒரு நிரல். டெர்மினலோ பழங்காலப் பொறியின் நிழல். ஒன்று மற்றொன்றுக்குள் எப்படிப் பொருந்துகின்றது? இயக்கமுறை ‘போலி டெர்மினல்’ என்னும் ஓர் இரட்டை வாயிலைத் தருகின்றது. அதன் ஒரு முனையில் எடிட்டர் அமர்ந்துகொள்ளும். மறுமுனையில் கட்டளைகளை ஏற்று நடத்தும் ‘ஷெல்’ அமரும். தன் எதிரே உண்மையான பொறி இருப்பதாகவே எண்ணி ஷெல் பேசும். எடிட்டர் அப்பேச்சை வாங்கித் திரையில் வரையும். ஒரே நேரத்தில் இத்தகைய அமர்வுகள் நான்கையும் ஐந்தையும் திறந்துவைத்துக்கொள்ள முடிவது இதனாலேயே. விண்டோஸில் இத்தகைய வாயில் முறையாகக் கிடைத்தது 2018-ல்தான்.

பம்பாயில் ஒற்றையறைக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அடுப்பும் பாயும் புத்தகமும் ஒரே அறையில் இருந்தால் நடை மிச்சம். ஆனால் எது எங்கே என்ற நினைவு ஒரு கணமும் தப்பக்கூடாது. எடிட்டருக்குள் டெர்மினல் வந்ததும் அதே கதை. கண்ட்ரோல்-சி என்னும் விசையைப் பாருங்கள். மேலே எடிட்டரில் அது நகலெடுக்கும். கீழே டெர்மினலில் அது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடும். விண்டோஸில், எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் நகல், இல்லையேல் நிறுத்தம்! லினக்ஸில் நகலுக்கு ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். மேக்கில் மட்டும் நகலுக்குக் கமாண்ட், நிறுத்தத்திற்குக் கண்ட்ரோல் என்று வேலி தெளிவாக இருக்கின்றது. மூன்று மணி நேரம் ஓடிய கணக்கு, ஒரு வரியை நகலெடுக்கப் போய் நின்றுவிட்டால் முகம் வாடாமல் என்ன செய்யும்?

ஆயினும் அது சிறு நட்டம். பெருநட்டம் ஒன்றை உலகமே பார்த்தது. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இரவு நடந்தது அது. அந்நிறுவனத்தின் தரவுத்தளம் இரண்டு கணினிகளில் இருந்தது: ஒன்று முதன்மை, மற்றொன்று அதன் படி. படியெடுக்கும் வேலை தடைப்பட்டதால், ஒரு பொறியாளர் இரண்டாம் கணினியில் இருந்த வெற்றுக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கக் கருதினார். நெடுநேரம் உழைத்த களைப்பில் அழிக்கும் கட்டளையை இட்டார். ஆனால் அப்போது அவர் முன்னிருந்த அமர்வு முதன்மைக் கணினியினுடையது! ஓரிரு நொடிகளில் தவறு உறைத்தது, உடனே நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது. காப்புப் பிரதிகளைத் தேடினால், நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய பிரதி எவர் கண்ணிலும் படாமல் தவறிக்கொண்டே வந்திருக்கின்றது. அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரியமாகக் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அதற்குப் பின் பதிவானவற்றுள் ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய கணக்குகளும் போயின என்று அந்நிறுவனமே கணக்கிட்டு வெளியிட்டது. நடந்ததை மறைக்காமல், மீட்பு வேலையையும் ஊரறியக் காட்டியது பாராட்டுக்குரியது.

அப்பொறியாளர் அறியாதவர் அல்லர். கட்டளையும் பிழையான கட்டளை அன்று. அது ஏவப்பட்ட இடம் ஒன்றே பிழை. பின்னர் அந்நிறுவனம் செய்துகொண்ட திருத்தங்களுள் ஒன்று மிக எளியது: கட்டளை எழுதும் வரியின் தொடக்கத்தில், அது எந்தக் கணினி என்பது பளிச்செனத் தெரியும்படி அமைத்தல். பெரிய நிறுவனம் செய்த இதனை நம் வீட்டு மேசையிலும் செய்யலாம். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டர்களில் ஒவ்வோர் அமர்வுக்கும் தனிப்பெயர் இடலாம். தனி நிறமும் தரலாம். பெயரிடாவிட்டால் ‘பாஷ், பாஷ், பாஷ்’ என்று நான்கு அமர்வுகள் ஒரே பெயரோடு வரிசையாக நிற்கும். ஒரே பள்ளியில் நான்கு முருகன்கள் இருந்தால் ஆசிரியர் இனிஷியலைச் சேர்த்து அழைப்பதில்லையா? ‘சோதனை’, ‘சர்வர்’, ‘தரவுத்தளம்’ என்று திறக்கும்போதே பெயரிடுக. மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் உண்மைக் கணினியின் அமர்வுக்குச் சிவப்பு தருக. இன்னும் சரியாகச் சொன்னால், அத்தகைய அமர்வை எடிட்டருக்குள் வைக்காமல் வேறொரு சாளரத்தில் வைப்பதே எமது பரிந்துரை. அங்கே எழுந்து நடந்து போகும் சிறு சிரமம் இருக்கட்டும். அந்தச் சிரமமே காவல்.

2022 முதல் அந்த எடிட்டரில் மற்றொரு வசதியும் உண்டு. ஏவிய ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் சிறு வட்டம் தோன்றும்; தவறி முடிந்தால் அது சிவப்பாக மாறும். நீண்ட பட்டியல் ஓடி மறைந்த பின்னும், எந்தக் கட்டளை தவறிற்று என்று மேலேறித் தேட இது உதவும்.

இனி, தொலைவிலுள்ள கணினியில் நடத்தும் வேலை. டிரங்க் கால் காலத்தில் பேச்சின் நடுவே தொடர்பு அறுந்தால் என்னாகும் என்பதை மூத்தோர் அறிவர். கணினிக்கும் அதே வழக்கம் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியாக டெர்மினல்கள் இணைந்திருந்த நாளில், தொடர்பு அறுந்தால் அந்த அமர்வின் வேலைகளுக்கு ‘ஹேங்-அப்’ என்னும் செய்தி போகும். ஒலிவாங்கியைத் தொங்கவிட்டாயிற்று என்பது அதன் பொருள். பெற்ற வேலை பெரும்பாலும் அங்கேயே மடியும். கம்பி மறைந்தும் அச்செய்தி மறையவில்லை. வீட்டில் மின்சாரம் போய் இணையம் அறுந்தாலும், மடிக்கணினியை மூடிக்கொண்டு இரயிலைப் பிடிக்க ஓடினாலும் இதுவே நடக்கலாம்.

இதற்கு மருந்து பழையது. 1987-ல் வந்த ‘ஸ்கிரீன்’, 2007-ல் வந்த ‘டிமக்ஸ்’ ஆகிய நிரல்கள், அமர்வைத் திரையிலிருந்து பிரித்துத் தொலைக்கணினியிலேயே உயிரோடு வைத்திருக்கும். திரை போனாலும் வேலை நிற்காது. மறுநாள் வேறோர் ஊரிலிருந்து, வேறொரு கணினியிலிருந்தும் அதே அமர்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறவாதிருக்க வேண்டும்: தொலைக்கணினிக்குள் நுழைந்த பின்பே டிமக்ஸைத் தொடங்க வேண்டும். நம் மடிக்கணினியில் தொடங்கிவிட்டு அங்கே போனால், நம் பக்கம் அணைந்தவுடன் எல்லாம் அணையும்.

எடிட்டரே அமர்வுகளை நினைவில் வைத்து மீட்டுத் தருகின்றதே என்று சிலர் கேட்கக்கூடும். சாளரத்தை மறுமுறை ஏற்றினால் அதே அமர்வோடு அது மீண்டும் இணைகின்றது என்பது உண்மையே. ஆனால் எடிட்டரை முழுவதும் மூடித் திறந்தால், மீண்டு வருவது பழைய எழுத்து மட்டும். அதன் பின்னிருந்த வேலை வராது; புதிய ஷெல் ஒன்று பழைய எழுத்தின் கீழே நிற்கும். பார்ப்பதற்கு ஓடுவதுபோலவே தோன்றும். அத்தோற்றத்தை நம்பி ஓரிரவு காத்திருப்பது வீண்.

கட்டளைகளை நினைவில் வைத்துத் தட்டுவதைவிட எழுதிவைத்து ஏவுவது மேல். ஊரிலிருந்து டில்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு, தாய் சாம்பார்ப் பொடியின் அளவைக் கடிதத்தில் எழுதி அனுப்பியதுபோல, எடிட்டரிலும் ‘டாஸ்க்’ என்று கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைக்கலாம். நிரலோடு கூடவே அக்கோப்பும் போவதால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே கட்டளையை ஒரே முறையில் ஏவுவர். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முதன்மையான டாஸ்க் ஓடும். இமாக்ஸில் கண்ட பிழைப் பட்டியல் வசதி இங்கும் உண்டு. ஆனால் அழிக்கும் கட்டளை எதையும் இவ்வாறு ஒற்றை அழுத்தத்தில் வைத்தல் ஆகாது.

இவ்வசதிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தை, வேலை தேடும் இளைஞர் உள்ள இல்லங்கள் கட்டாயம் அறிய வேண்டும். கோப்புறையைத் திறந்தவுடன் தானாகவே ஓடுமாறும் ஒரு டாஸ்க்கை எழுதமுடியும். வேலை தருவதாக ஆசை காட்டி, ‘இது நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி, திறந்து ஓட்டிக் காட்டுங்கள்’ என்று கோப்புறையை அனுப்பி, உள்ளே நச்சுக் கட்டளைகளை வைத்துக் கணினியிலுள்ள கடவுச்சொற்களையும் பணத்தையும் கவரும் மோசடிகள் நடந்துள்ளன. இத்தகைய அபாயங்களை எண்ணியே 2021 முதல் விஷுவல் ஸ்டுடியோ கோட், புதிய கோப்புறையைத் திறக்கும்போது ‘இதை எழுதியவரை நம்புகின்றீரா?’ என்று கேட்கின்றது. அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்துவதே பலர் வழக்கம். அறியாதவர் அனுப்பியதாயின் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் படித்துப் பார்க்கலாம். நம்பாத கோப்புறையில் டாஸ்க்குகள் ஓடா. செயற்கை நுண்ணறிவுத் துணைவர்கள் டெர்மினலில் ஒரு கட்டளையை ஏவ அனுமதி கேட்கும்போதும், ‘எப்போதும் அனுமதி’ என்பதைத் தொடாமல் ஒவ்வொன்றாகப் படித்து அனுமதிப்பதே தகும். ஏவலின் பொறுப்பு அனுமதித்தவருடையது.

இறுதியாக நம் மொழிக்குரிய ஒரு செய்தி. மேலே எடிட்டரில் செம்மையாகத் தெரியும் தமிழ், கீழே டெர்மினலில் உடைந்து தெரிவதைப் பலர் கண்டிருப்பர். டெலிடைப் காலத்திலிருந்தே டெர்மினல் திரை, சதுரங்கப் பலகைபோல ஒரே அளவான கட்டங்களால் ஆனது; ஒரு கட்டத்திற்கு ஓர் ஆங்கில எழுத்து. நம் ‘கொ’வோ ககரத்தின் இருபுறமும் குறி கொண்டது. ‘ண’வும் ‘ஞ’வும் அகன்றவை. கட்டத்தில் அடங்காமல் அவை நெருங்கியும் விலகியும் விழுகின்றன. சில நேரம் புள்ளி வேறிடத்தில் போய் நிற்கின்றது. கோப்பில் பழுதில்லை, காட்டும் இடத்தில்தான் பழுது. ஆதலின் கட்டளையின் விளைவை அக்குறுகிய பட்டையில் படிக்க முயலாமல், ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, அதனை மேலே எடிட்டரில் திறந்து படித்தல் நன்று.

சங்க உறுப்பினர் பட்டியலை இவ்வாறு ஒரு கட்டளையால் அகரவரிசைப்படுத்த முனைவோர் இன்னொன்றையும் கவனிக்க. கணினி எழுத்துகளுக்குக் கொடுத்துள்ள எண் வரிசையில் னகரம், நகரத்தை அடுத்து, மகரத்திற்கு முன்னே இருக்கின்றது. அந்த எண்களைக் கொண்டே அடுக்கினால், கமலாவுக்குப் பின் வரவேண்டிய கனகா முந்திக்கொள்வார். பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் எடிட்டரில் ஒருமுறை கண்ணோட்டிச் சரிசெய்துவிடலாம்.